பின்பாட்டுக்காரர் சொன்ன பதில்கள்

கலைஞர்களிடம் கலையைப் பற்றி மட்டும் பேசவே முடியாது. புதுக்கோட்டையில் ஒரு அரசு அலுவலகத்தில் நாள் முழுக்க ஃபைல் தள்ளுகிற வேலை எனக்கு. நண்பர் ஒருவர் நடத்தும் சிறிய மாத இதழுக்காக, விடுமுறை நாட்களில் நாடகக்காரர்கள், வாத்தியக்காரர்கள், ஓவியர்கள் என்று தேடிப்போய்ப் பேசி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் பெரிய பெரிய கேள்விகளாகத் தயார்செய்துகொண்டு போவேன். "ஒங்களுக்குள்ள இந்தக் கலை எப்படிங்க வந்துச்சு?" என்று நான் உருக்கமாகக் கேட்டால், மிருதங்கக்காரர் தன் மூலவியாதியைப் பற்றிச் சொல்வார். ராத்திரி முழுக்கச் சம்மணம் போட்டு வாசிக்கிறவருக்கு அதைவிடப் பெரிய விஷயம் வேறு இல்லை.

ஊரையே வயிறு வலிக்கச் சிரிக்கவைக்கும் பபூன் ஒருவர், நான் போயிருந்த நேரம் முழுக்க ஒருமுறைகூடப் பல்லைக் காட்டவில்லை. "சிரிப்புக்கு என்னங்க, அது பாட்டுக்கு வரும். தூக்கந்தான் வரமாட்டேங்குது" என்றார். கோயில் கோபுரத்துக்கு வண்ணம் பூசுகிற ஓவியரிடம் போனால், அவர் சாரம் கட்டுகிற ஆட்களைத் திட்டித் தீர்த்தார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். பஸ்ஸுக்குக் காசு செலவழித்து மூலவியாதியைப் பற்றிக் கேட்கவா வந்தோம் என்று நினைப்பேன். வீட்டில் என் மகன், "அம்மா இன்னைக்கு யாரோட சண்டை போட்டுட்டு வந்திருக்கு?" என்று கேட்பான். அவனுக்குக் கேலி.

ஒரே ஒருவர்தான் நான் கேட்ட எல்லாக் கேள்விக்கும் நான் எதிர்பார்த்த மாதிரியே பதில் சொன்னார். கலை, சாதனை, தியாகம் என்று அழகழகாகப் பேசினார். அவரை நினைத்தால் இப்போதும் எனக்கு வருவது கோபமா, பரிதாபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவர் ஆர்மோனியக்காரர். அவர் மனைவி நாடக நடிகை. நான் பேசப் போனது மனைவியிடம்.

எங்கள் பக்கத்துத் திருவிழா நாடகம் எப்படி என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று ஒவ்வொருவரையும் விழாக் கமிட்டி தனித்தனியாக புக் செய்யும். ஒத்திகை என்பதே கிடையாது. ஆளாளுக்கு ஒரு ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து, அன்றைக்குச் சாயந்திரம் மேக்கப் போடுகிற இடத்தில்தான் சந்தித்துக்கொள்வார்கள். கதையும் பாட்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. அதற்கு மேல் எது வந்தாலும் அது மேடையில் அந்த நிமிஷத்தில் அவரவர் உண்டாக்குவது. இதில் எல்லோரையும் சேர்த்துப் பிடித்திருப்பவர் ஆர்மோனியக்காரர். வாசிப்பது மட்டும் அவர் வேலை இல்லை, பின்பாட்டும் பாட வேண்டும். மேடையில் பாடுகிறவருக்கு மூச்சு முட்டுகிற இடத்தில், அதே சுதியில், அதே எழுத்திலிருந்து அவர் எடுத்துப் பாடி முடிப்பார். நல்ல பின்பாட்டு என்றால், ஒரு குரல் எங்கே நின்றது, இன்னொரு குரல் எங்கே ஏறியது என்று கீழே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியக் கூடாது.

இந்த அம்மாவை யார் புக் செய்தாலும் கூடவே அவர் கணவரையும் புக் செய்தாக வேண்டும். வேறு பெட்டிக்கு அவர் பாடியதே இல்லை. பெட்டி என்றால் அவர்கள் பேச்சில் ஆர்மோனியம்.

நான் அந்த அம்மாவை முதலில் பார்த்தது ஆவுடையார்கோவில் பக்கத்தில் ஒரு ஊர்த் திருவிழாவில். மகனைப் பறிகொடுத்த தாயின் காட்சி. எல்லா நடிகைகளும் அந்த இடத்தில் பாட்டை உச்சத்துக்குக் கொண்டுபோய், தலைவிரி கோலமாக விழுந்து அழுவார்கள். இவர் பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டார். ஆர்மோனியமும் நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேடையின் ஓரம் பார்த்துத் திரும்பி, அடுப்படி வாசலில் நின்று கூப்பிடுகிற ஒரு பெண்ணைப் போலக் கூப்பிட்டார். "அய்யா, சோறு ஆறுதுய்யா. வந்து ஒரு வாய் தின்னுட்டுப் போ."

அவ்வளவுதான். அழுகைகூட இல்லை. சாதாரணமாக, கொஞ்சம் சலிப்போடு, நாலாவது தடவையாகக் கூப்பிடுகிற குரல். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். நான் லேசில் அழுகிறவள் இல்லை. அன்று அழுதேன். பக்கத்தில் இருந்தவள் அதைப் பார்த்துவிட்டாள் என்று அவள்மீது கோபமும் வந்தது. இந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது என்று இவரிடம் கேட்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நம்பர் வாங்கி நான் போன் செய்தபோது தை பிறந்திருந்தது. எடுத்தது கணவர். "வாங்க மேடம், தாராளமா வாங்க. தொண்டையில ஆபரேசன் பண்ணிருக்கு, அவளாலதான் பேச முடியாது. நான் இருக்கேன்ல, நான் சொல்றேன்" என்றார்.

அவர் பேச முடியும் நாள் வரட்டும், அப்போது போகலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த அம்மாவே குறுஞ்செய்தி அனுப்பினார். "வாங்க. பார்க்கணும் போல இருக்கு."

திருமயத்தில் இறங்கி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். ஓட்டு வீடு, முன்னால் ஒரு தகரக் கொட்டகை. நான் படியேறியதும் அந்த அம்மா எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, உதட்டில் விரலை வைத்தார். மேடையில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தார். கண் மட்டும் அதே கண்.

கணவர்தான் விஷயத்தை விவரித்தார். வருஷக்கணக்கில் கத்திப் பாடிப் பாடி, குரல் வருகிற தசையில் காய்ப்பு விழுந்துவிட்டதாம். திருச்சியில் ஒரு டாக்டர் அதை எடுத்திருக்கிறார். அடுத்து அவர் சோதித்துப் பார்க்கும்வரை ஒரு சொல் பேசக் கூடாது. கிசுகிசுவென்றுகூடப் பேசக் கூடாது, அது சத்தம்போட்டுப் பேசுவதைவிடக் கெடுதலாம்.

"புண்ணு நல்லா ஆறுச்சுன்னா பங்குனிக்குப் பாடிறலாம்னு சொல்லிருக்காரு மேடம். அதுக்குள்ள வாயைத் தொறந்து, ஆறாத எடம் கிழிஞ்சிச்சுன்னா, அப்புறம் அம்புட்டுத்தான். இருக்குற கொரல வச்சுக்கிட்டுப் பொழைச்சுக்கங்கன்னுட்டாரு. பங்குனி, சித்திரை ரெண்டு மாசமும் தேதி குடுத்து வச்சிருக்கு."

இதைச் சொல்லும்போது அவர் கை அவர் மனைவியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது. அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தாளிக்கிற நெடி ஏறினால் இருமல் வரும் என்று வீட்டில் சமையலைத் தானே ஏற்றுக்கொண்டு, வெறும் கஞ்சியும் பருப்பும் வைக்கிறாராம். பக்கத்து வீட்டுக்காரியிடம் போய், மிளகாய் வறுப்பதாக இருந்தால் கொல்லைப்பக்கம் வைத்து வறு தாயி என்று கெஞ்சிவிட்டு வந்திருக்கிறார். நான் இருந்த நேரத்தில் எத்தனை தடவை வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார் என்று கணக்கில்லை. தெருவில் லாரி போனால் ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்துவார், புழுதி வந்துவிடுமாம்.

போனில் ரெக்கார்டரைப் போட்டு ஸ்டூலில் வைத்தேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து முதல் கேள்வியைக் கேட்டேன். "சின்னப் புள்ளையில யாரு பாட்டைக் கேட்டு ஒங்களுக்கு ஆசை வந்துச்சுக்கா?"

"அவுங்க அப்பா பாட்டுத்தாங்க" என்றார் கணவர்.

அந்த அம்மா இல்லை என்று தலையை ஆட்டி, கையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து எதையோ காட்டினார். ரேடியோவாக இருக்கலாம். "ரேடியோ அப்புறம். மொதல்ல அப்பாதான். மாமனாரு எங்கிட்டயே சொல்லிருக்காரு" என்றார் கணவர். அந்த அம்மா சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

அலுவலகத்தில் ஏதாவது ஒரு பெண் மனு கொடுக்க வந்து, கூட வந்த புருஷன் பதில் சொன்னால், "ஏன், அவுங்களுக்கு வாய் இல்லையா?" என்று நான் கேட்டுவிடுவேன். அதற்காகவே என்னிடம் வராமல் அடுத்த மேசைக்குப் போகிறவர்கள் உண்டு. இங்கே அப்படிக் கேட்க வழியில்லை. நான் அந்த அம்மாவைப் பார்த்துக் கேட்கிறேன், பதில் பக்கத்திலிருந்து வருகிறது. நான் முகத்தைத் திருப்பாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் என்னைக் கஷ்டப்படுத்தியது. மேடையில் மூச்சு நின்ற இடத்தில் எடுத்து எடுத்துப் பழகிய மனிதர். இங்கே மூச்சே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார் மனைவி. எடுக்காமல் இருக்க அவருக்குத் தெரியவில்லை. மனைவியின் பயம் எது, மனைவிக்குப் பிடித்த ராகம் எது, கூட்டம் கலாட்டா செய்தால் மனைவி மனதில் என்ன ஓடும், எல்லாவற்றையும் சொன்னார். "மேடையில நாங்க பேசிக்கிறது ஒங்களுக்கெல்லாம் தெரியாது மேடம். கையை எம்பக்கம் விரிச்சுக் காட்டுனான்னா, 'நீ எடு'ன்னு அர்த்தம். கையை மூடிக்கிட்டான்னா, 'நீ வராத, நானே முடிச்சுக்கிறேன்'னு அர்த்தம். ஆனா அவ கையை மூடுனது ரொம்பக் கம்மி" என்று பெருமையாகச் சொல்லிச் சிரித்தார்.

அப்போதுதான் நான் வந்த காரியத்தைக் கேட்டேன். சோறு ஆறுது என்ற அந்த வரியை எப்படிப் பிடித்தீர்கள் என்று.

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அதுவா? அது நான் சொல்லிக் குடுத்ததுதான் மேடம்" என்றார் கணவர். குரலில் ஒரு உற்சாகம் வந்துவிட்டது. "மணமேல்குடிப் பக்கம் ஒரு நாடகம். கடல்காத்து. உப்புக்காத்துல இவளுக்குத் தொண்டை காஞ்சுபோச்சு. அந்தப் பாட்டுல மேல போகணும், போக முடியல, திணறுறா. நான் எடுத்துப் பாத்தேன், ரெண்டு தடவ எடுத்தாச்சு, மூணாந்தடவ எடுத்தா சனத்துக்குத் தெரிஞ்சுபோயிரும். அப்பத்தான் கண்ணைக் காட்டுனேன், பாட்டை விட்டுரு, பேசிருன்னு. டக்குனு பிடிச்சுக்கிட்டா. மறுநாள்லேருந்து அதையே வச்சுக்கன்னு சொல்லிட்டேன். கலைங்கிறது என்னங்க மேடம், இருக்குற கொறையை நெறையாக் காட்டுறதுதான்."

எவ்வளவு நல்ல வாக்கியம். என் கட்டுரைக்கு இதுதான் தலைப்பு என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தேன். முழங்கால்மீது வைத்திருந்த அவர் கை மூடியிருந்தது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

கணவர் அதைப் பார்க்கவில்லை. ஸ்டூலில் இருந்த போனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்த வரியைக் கேட்டு எந்தெந்த ஊரில் யார் யார் அழுதார்கள் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். அந்த அம்மா தன் செல்லை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமுக்கத் தொடங்கினார். "என்ன, தண்ணியா? இரு, இதைச் சொல்லிட்டு எடுத்தாரேன்" என்றார் கணவர். அந்த அம்மா செல்லைப் பாயில் வீசினார்.

"இல்ல" என்றார்.

காய்ந்த தென்னை மட்டையைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் வருகிற சத்தம். அது ஒரு மனுஷக் குரல் என்று புரிய எனக்கே கொஞ்ச நேரம் ஆனது. கணவர் பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினார். அந்த அம்மா அவர் கையை எடுத்துத் தள்ளினார்.

"பேசாதடி. பேசாத. ஒங்கால்ல விழுறேன், பேசாத."

"அது எங்க அக்கா கூப்புட்டது" என்றார் அந்த அம்மா. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "மணமேல்குடியில... எம்மகள அக்கா வீட்லதான்... விட்டிருந்தேன்."

ஒவ்வொரு இரண்டு மூன்று சொல்லுக்கும் குரல் நின்றுபோனது. நின்ற இடத்தில் காற்று மட்டும் வந்தது. அப்படி நின்றபோதெல்லாம் கணவரின் வாய் தானாகத் திறந்தது. பழக்கம். ஆனால் எடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை. இந்தக் கதையை அவரும் என்னோடு சேர்ந்துதான் முதல்தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா சொன்னதை நான் கோர்வையாக எழுதுகிறேன். தை முதல் ஆனிவரை ஊர் ஊராகப் போகிறவர்களுக்குப் பிள்ளை வளர்க்க முடியாது. மகள் மணமேல்குடியில் அக்கா வீட்டில் வளர்ந்தாள். ஒருநாள் அந்தப் பக்கம் நாடகம் முடிந்து, விடிந்ததும் நேரே அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். காதோரம் ரோஸ் பவுடர்கூடச் சரியாகப் போகவில்லை. கணவர் ரோட்டோரம் டீக்கடையில் நின்றுவிட்டார். வாசலில் மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். இவர் மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தார். அந்த நேரம் உள்ளேயிருந்து அக்கா பிள்ளையைக் கூப்பிட்டார். "ஆத்தா, சோறு ஆறுதுத்தா. வந்து ஒரு வாய் தின்னுட்டுப் போ." பிள்ளை "இந்தா வாரேம்மா" என்று சொல்லிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"என் கைக்குள்ள பூந்துதான் மேடம் ஓடுனா" என்றார் அந்த அம்மா. "தொட்டுக்கூடப் பாக்க முடியல."

பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு ராத்திரி நாடகத்துல... நான் செத்த புள்ளையக் கூப்புடல. அக்கா கொரல்ல கூப்புட்டுப் பாத்தேன். அந்தக் கொரல்ல கூப்புட்டாத்தான்... எம்மக வருவான்னு இருந்துச்சு."

அதற்கு மேல் குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் நான் பார்த்தது வெறும் பயம். பிறகு என் பக்கம் திரும்பினார். "போதுமா மேடம்? வந்ததுக்குக் கெடச்சிருச்சா? அந்தக் கருமத்த மொதல்ல அமத்துங்க."

நான் ரெக்கார்டரை நிறுத்தினேன். எனக்கும் ஆத்திரம் வந்துவிட்டது. "நான் கேட்டது அவுங்ககிட்ட. பேசாம இருந்தவுங்களப் பேசவச்சது நீங்க" என்றேன். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் அது உண்மை. அவர் வெந்நீர் எடுக்க உள்ளே ஓடினார். அந்த அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது அந்த அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. "எழுதுங்க. அவர் சொன்னதையும் எழுதுங்க. அவர் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தார்."

நான் எழுதவில்லை. டாக்டர் என்ன சொல்கிறார் என்று தெரியாமல் எழுதக் கை வரவில்லை. கணவருக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. ஆபீசில் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த மட்டை இழுபடும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பேன். ஐந்தாறு வாக்கியத்துக்காக ஒரு பாட்டுக்காரியின் குரல் போய்விடுமா, போய்விட்டால் அந்த வாக்கியங்களுக்கு என்ன பெறுமானம் என்று தோன்றும். இன்னொரு பக்கம், அதைச் சொல்லாமல் அவர் இன்னும் எத்தனை வருஷம் உட்கார்ந்திருப்பார் என்றும் தோன்றும். இரண்டில் எதுவும் எனக்கு நிம்மதி தரவில்லை.

மாசியில் தெரியாத குரல் ஒன்று போனில் பேசியது. ஆணா பெண்ணா என்று பிடிபடாத கனத்த குரல். "நாந்தான் மேடம்" என்றது.

டாக்டர் பார்த்துவிட்டாராம். பேசலாம், பாடலாம், ஆனால் மேலே போகாதாம். அன்றைக்குப் பேசியதால் வந்த வினையா, எப்படியும் இப்படித்தான் ஆறியிருக்குமா என்று அவரால் சொல்ல முடியாதாம். சொல்லும்போது அந்த அம்மா அழுதார்.

"அவரு என்ன சொல்றாருன்னா, பங்குனித் தேதியெல்லாம் விடவேணாம், மேல வர்ற எடத்தையெல்லாம் நான் பாடிக்கிறேன், நீ வாயை மட்டும் அசை, யாருக்கும் தெரியாதுங்குறாரு. அதாங்க எனக்குப் பயமா இருக்கு. நெசமாவே யாருக்கும் தெரியாது. அவரு அம்புட்டு நல்லாப் பாடுவாரு."

"அப்ப என்ன செய்யப் போறீங்கக்கா?"

"வேற பெட்டி வச்சுக்கிறேன்னு சொல்லிட்டேன். தெரியாத ஆளு. எனக்கு எங்க மூச்சு விடும்னு அவருக்குத் தெரியாது. நின்னுச்சுன்னா நின்னதுதான். கட்டையக் கொறச்சு, என்னால எம்புட்டு முடியுமோ அம்புட்டு."

சுதியைக் குறைத்துக் கீழே பாடப் போகிறார், அதைத்தான் சொன்னார். இரண்டு கமிட்டிக்காரர்கள் விஷயம் தெரிந்ததும் வேறு ஸ்திரீபார்ட்டைப் பார்த்துக்கொண்டார்களாம். மற்றவர்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையாம். "மொத நாடகத்துலயே கல்லெடுத்து எறிஞ்சாலும் எறிவாங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

சித்திரையில் ஒரு மத்தியானம், ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திருமயம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. நிழற்குடைக்குள் ஆர்மோனியப் பெட்டிமீது கையை வைத்துக்கொண்டு அந்தக் கணவர் உட்கார்ந்திருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா என்று யோசிப்பதற்குள் அவரே எழுந்தார்.

"நல்லா இருக்கீங்களா மேடம்? ஒக்காருங்க."

மெலிந்திருந்தார். வேறொரு நடிகைக்கு வாசிக்கப் போகிறாராம். "அவ காலையிலயே அறந்தாங்கிப் பக்கம் கெளம்பிட்டா. ஒரே வீட்லேருந்து அவ அங்கிட்டு, நான் இங்கிட்டு" என்றார். நாடகம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். "போகுதுங்கறாங்க. ஒரு ஊர்ல ஒக்காருன்னு கத்திருக்காங்க. ஒரு ஊர்ல அன்பளிப்பா ரூவாயக் குமிச்சுட்டாங்களாம். நான் பாக்கல. வரக்கூடாதுன்னுட்டா. நான் கீழ ஒக்காந்திருந்தா அவளுக்குப் பாட வராதாம்."

பிறகு, "அன்னிக்கு அவ பேசுனது ஒங்க போன்ல இருக்குல்ல? ஒரு தடவ கேக்கட்டுமா?" என்றார்.

எனக்குத் தயக்கமாக இருந்தது. அழித்துவிடுவாரோ என்ற சந்தேகமும் இருந்தது. ஆனாலும் எடுத்துக் கொடுத்தேன். அவர் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, இன்னொரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். ஹாரன் சத்தத்துக்கு நடுவில் அவர் என்ன கேட்கிறார் என்பது எனக்குத் தெரியவில்லை, முகத்தைத்தான் பார்த்தேன். காலில் விழுகிறேன் என்று அவரே கெஞ்சிய இடத்தில் போலிருக்கிறது, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். முடிந்ததும் முதலிலிருந்து இன்னொரு தடவை கேட்டார்.

"எம்மகள்கிட்ட போன் போட்டுக் கேட்டேன் மேடம்" என்றார் போனைத் திருப்பிக் கொடுத்தபடி. "அப்படி ஒண்ணு நடந்துச்சான்னு. அவளுக்கு ஞாபகமே இல்லைங்குறா."

அவர் போக வேண்டிய பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"அந்த எடத்துல பெட்டிக்கு வேலையே கெடையாது மேடம். அவ கூப்புட்டு முடிக்கிற வரைக்கும் பெட்டி மேல கையை வச்சுக்கிட்டு நான் சும்மாதான் ஒக்காந்திருப்பேன். இத்தன வருசம் ஒவ்வொரு நாடகத்துலயும் சும்மாதான் ஒக்காந்திருந்தேன். யாரடி கூப்புடுறேன்னு ஒரு நாளாச்சும் கேட்டிருக்கலாம்."